வரி போட்டதெல்லாம் கட்டுவிரியனா? கழியை எடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

ஒடுகத்தூர்_மேற்கு கேட்டது:

வணக்கம். இடம் வேலூர் மாவட்டம், ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரம். வீட்டைச் சுற்றி மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லை, கொஞ்சம் தென்னை, பின்னால் பாறைக்குன்று. பழைய நாட்டு ஓட்டு வீடு, அதை ஒட்டிப் புதிதாகத் தளம் போட்ட ஓர் அறை.

இந்தப் பக்கம் வீட்டுக்குள் எது வந்தாலும் இரண்டே பெயர்தான். வரி இருந்தால் கட்டுவிரியன், திட்டுத்திட்டாக இருந்தால் கண்ணாடி விரியன். பெயர் வைத்த அரை நிமிடத்தில் அடி விழுந்துவிடும். அடித்ததை உடனே எரித்தும்விடுகிறார்கள், அதனால் அது என்ன பாம்பு என்று பிறகு பார்க்கவும் வழியில்லை. இரண்டு படங்கள் மட்டும் கிடைத்தன.

படம் 1: ஒரு முழத்துக்குச் சற்று மேல் நீளம். காப்பித்தூள் நிறம். மஞ்சள் கலந்த வெள்ளை வரிகள். இரவு 9 மணிக்கு, ஓட்டுக்குக் கீழே சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

படம் 2: குட்டை, நல்ல தடிமன். பழுப்பில் கருந்திட்டுகள். விறகு அடுக்கின் அடியில் சுருண்டு கிடந்தது.

கேட்க வேண்டியது மூன்று. கிட்டே போகாமல் இவற்றை அடையாளம் காண முடியுமா? காண முடியாவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது? இவை வீட்டுக்குள் வராமலிருக்க என்ன வழி? பூண்டு, கந்தகம் கதையெல்லாம் வேண்டாம், பலித்ததை மட்டும் சொல்லுங்கள்.

---

பாலாற்று_மணல்:

படம் 1 வெள்ளிக்கோல் வரையன். விஷம் கிடையாது. பல்லி தின்ன வந்திருக்கிறது. கட்டுவிரியன் என்ற பெயரில் அடிபடுவதில் முதல் ஆள் இதுதான்.

பார்க்க வேண்டியது வரி இருக்கிறதா என்பதை அல்ல. வரி எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகப்போகத் தேய்கிறது என்பதைப் பாருங்கள். வெள்ளிக்கோல் வரையனுக்குத் தலைக்குப் பின்னால் கழுத்திலேயே அகலமான ஒரு வெளிர் பட்டை இருக்கும். முன்பக்க வரிகள் அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும், வாலை நோக்கிப் போகப்போக மங்கி, கடைசியில் வெறும் பழுப்பாகிவிடும். ஒவ்வொரு வரியும் விலாப்பக்கம் இறங்கும்போது இரண்டாகப் பிரிந்து வலைபோல ஆவதும் உண்டு. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடப்பக்கம் மூன்றாவது வரியிலேயே அந்தப் பிரிவு தெரிகிறது.

கட்டுவிரியனுக்கு இது நேர் தலைகீழ். தலையும் கழுத்தும் வெறும் கருப்பு, அதில் நீலச்சாயலோடு ஒரு பளபளப்பு. வளர்ந்த பாம்பில் முன்னுடம்பில் கொஞ்ச தூரம் வரியே இருக்காது, அல்லது புள்ளிபுள்ளியாகக் கலைந்திருக்கும். அதற்குப் பிறகு மெல்லிய வெள்ளை வரிகள் வரும், பெரும்பாலும் இரண்டிரண்டாக. வாலுக்குக் கிட்டேதான் அவை பளிச்சென்று இருக்கும். தலை கழுத்தைவிடத் தனியாகத் துருத்தாது. வெள்ளிக்கோல் வரையனின் தலை தட்டையாக, கழுத்தைவிடச் சற்று அகன்றிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் ஆபத்து. கட்டுவிரியன் குட்டிக்கு முன்னுடம்பிலும் வரி தெளிவாக இருக்கும். முட்டையிலிருந்து வரும்போதே அது ஒரு சாண் நீளத்துக்கு மேல். அது வளர்ந்து ஒரு முழத்தை எட்டும்போது, வளர்ந்த வெள்ளிக்கோல் வரையனும் அதுவும் ஒரே அளவு. ஆகவே சின்னப் பாம்பு, கழுத்திலிருந்தே வரி, நிறம் கருப்பா பழுப்பா என்று டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகவில்லை என்றால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். அடிக்க வேண்டும் என்பதல்ல, தொடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சுவரில் ஏறியது வெள்ளிக்கோல் வரையனுக்குச் சாதகமான குறிப்பு. சொரசொரப்பான சுவரில் அது தாராளமாக ஏறும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு தரையாகப் போகும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, பகலில் கட்டுவிரியன் மந்தமாக இருக்கும். சுருண்டு, தலையை உடம்புக்குள் செருகிக்கொண்டு கிடக்கும். குச்சியால் தள்ளினாலும் சும்மா இருக்கும். அதைப் பார்த்து, 'இது சாது, விஷமில்லாததுதான்' என்று கையில் எடுத்தவர்கள் உண்டு. வெள்ளிக்கோல் வரையனைப் பிடித்தால் சட்டென்று கடிக்கும். சாதுவாக இருப்பதை வைத்து விஷத்தை அளக்க முடியாது.

---

கழனிமேடு:

படம் 2 பத்தி நான் சொல்றேன். அது மண்ணுளி, திட்டு போட்ட ரகம். கண்ணாடி விரியன் இல்ல.

வாலைப் பாருங்க. இந்த ரகத்துக்கு வால் ரொம்பக் குட்டையா, சட்டுனு கூம்பி முடியும். தலை எங்க முடியுது, கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. கண்ணு சின்னது. முதுகுல இருக்கிற கருந்திட்டு ஒழுங்கா இருக்காது, கோணல்மாணலா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு போகும். கண்ணாடி விரியனுக்குத் தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கி இருக்கும். முதுகுல மூணு வரிசை, கண் கண்ணா ஓவல் திட்டு, ஒவ்வொண்ணுக்கும் கருப்பு ஓரம், அதுக்கு வெளியில வெள்ளை ஓரம். கிட்ட போனா குக்கர் விசில் மாதிரி விடாம சீறும். அந்தச் சத்தம் கேட்டா அங்கேயே நிக்கணும், ஒரு அடி முன்ன வைக்கக் கூடாது.

மலைப்பாம்புக் குட்டியையும் கண்ணாடி விரியன்னு அடிப்பாங்க. அதுக்கு உடம்பு வழவழன்னு மின்னும், விரியனுக்குச் செதில் சொரசொரன்னு இருக்கும். மலைப்பாம்புத் திட்டு பெருசு பெருசா, சதுரமும் இல்லாம வட்டமும் இல்லாம இருக்கும். தலைமேல ஈட்டிமுனை மாதிரி ஒரு குறி.

உங்க இடம் பாறைக்குன்று பக்கம்னா சுருட்டை விரியனைத்தான் முக்கியமாத் தெரிஞ்சுக்கணும். சின்னது, பெரும்பாலும் ஒரு முழத்துக்குள்ள. கல்லுக்கு அடியில, கள்ளிவேலி ஓரம், மல்லாட்டைச் செடி பிடுங்கிப் போட்ட குவியல்ல கெடக்கும். தலைமேல வெள்ளையா அம்புக்குறி மாதிரி இருக்கும், விலாவுல அலையலையா வெள்ளைக் கோடு. மிரண்டா எட்டு போட்டாப்புல சுருண்டு, உடம்பை உடம்போட தேய்ச்சி சரசரன்னு சத்தம் போடும். இதுன்னு நெனச்சு அடிபடறது பூனைப்பாம்பு. அதுக்கும் முதுகுல வளைவு வளைவாக் குறி இருக்கும், கண்ணு பெருசு, பாப்பா நெட்டுக்குத்தா இருக்கும். ஆனா உடம்பு ஒல்லி, வால் நீளம், கழுத்து நூலாட்டம், செதில் வழவழப்பு. உடம்பைத் தேய்ச்சி அந்தச் சத்தம் வராது. பூனைப்பாம்புக்கு லேசா விஷம் உண்டு, அது பல்லி ஓணானுக்குத்தான் ஆகும், மனுசனை ஒண்ணும் பண்ணாது.

தலை முக்கோணமா இருந்தா விஷம்னு ஒரு கணக்கு ஊர்ல ஓடுது. அதை இன்னியோட விட்டுடுங்க. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. தண்ணிப்பாம்பு மிரண்டா தலையைத் தட்டையாக்கி முக்கோணமா காட்டும், கழுத்தையும் விரிக்கும். 'படம் எடுத்துச்சு, நல்ல பாம்பு'ன்னு ஏரிக்கரையில அதை அடிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. சதுரங்கக் கட்டமா உடம்பு, கண்ணுக்குக் கீழ சாய்வா ரெண்டு கருப்புக் கோடு, இதைப் பார்த்தா தண்ணிப்பாம்பு. கடிக்கும், ரத்தமும் வரும், விஷம் இல்ல.

சாரை விஷயம் தனி. படம் எடுக்காத நல்ல பாம்பும் சாரையும் தூரத்துல ஒண்ணுபோலத்தான் இருக்கும். சாரைக்குக் கண்ணு பெருசு, கழுத்து ஒல்லி, உதட்டு ஓரம் குத்துக்குத்தா கருப்புக் கோடு, பின்னுடம்புல கருப்புப் பட்டை. ஆளைப் பார்த்தா ஓடும். ரெண்டு சாரை பின்னிக்கினு நிக்கிறதைப் பார்த்து 'சாரையும் நல்லதும் சேருது'ன்னு சொல்றதும் தப்பு. அது ரெண்டு ஆண் சாரை சண்டை போடறது.

ஆடி வெள்ளிக்குப் புத்துக்குப் பால் ஊத்தி நல்ல பாம்பைக் கும்பிடறோம். கழனியில எலி பிடிக்கிற சாரையை விரட்டி விரட்டி அடிக்கிறோம். இந்த நியாயம் எனக்கு இன்னும் விளங்கல. சாரை எலி வளைக்குள்ளயே பூந்து குட்டியோட தின்னும், எந்த மருந்தும் அங்க போகாது.

---

காட்பாடி_ஜங்ஷன்:

எல்லாம் சரி. ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் போயிருக்கு, தரையில குழந்தை படுத்திருக்கு, வரி போட்ட ஒண்ணு கட்டிலுக்கு அடியில போகுது. அப்போ வரி கழுத்துல ஆரம்பிக்குதா வாலுலயான்னு டார்ச் அடிச்சுப் பாடம் படிக்க முடியுமா? அடிக்கிறவனைக் குத்தம் சொல்றது சுலபம்.

---

பாலாற்று_மணல்:

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் அடையாளம் பார்க்கவே வேண்டாம். விஷமா இல்லையா என்பது எதுவாக இருந்தாலும் அடுத்த 10 நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

முதலில் ஆட்களை வெளியே எடுங்கள். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கும்போது போர்வையோடு தூக்காதீர்கள், மடிப்புக்குள் அது இருக்கலாம். நாய், பூனையைக் கட்டிப்போடுங்கள், அவை துரத்தினால் பாம்பு எங்கே போனதென்றே தெரியாது. ஒருவர் மட்டும் வாசற்படியில் நின்று டார்ச்சை அதன்மேல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பைப் பார்வையில் வைத்திருப்பதுதான் பாதி வேலை. கண்ணை எடுத்துவிட்டால் மறுநாள் முழுக்க வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேட வேண்டியிருக்கும். 2 மீட்டர் தள்ளி நின்றால் போதும். இந்தப் பக்கப் பாம்புகள் எதுவும் அவ்வளவு தூரம் பாய்ந்து கொத்தாது, தன் நீளத்தில் பாதிக்குள்தான் எட்டும்.

அறைக்குள் கதவு இருந்தால் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணியைத் திணியுங்கள். பிறகு வனத்துறை வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புக்கு 101-க்கோ போன் செய்யுங்கள். ஊர்ப்பெயரோடு அருகில் உள்ள கோயில், பள்ளி என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். அந்த இடைவேளையில் கைபேசியில் தள்ளி நின்றே ஜூம் பண்ணி இரண்டு படம் எடுங்கள். தலையும் கழுத்தும் ஒன்றில், வால் பக்கம் ஒன்றில். நடுவுடம்பை மட்டும் எடுத்து அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, இந்தக் குழுவுக்கு வரும் படங்களில் பாதி அப்படித்தான்.

யாரும் வர முடியாத தூரம் என்றால் வெளிக்கதவை அகலத் திறந்து, உள்விளக்கை அணைத்து, எல்லாரும் விலகி நில்லுங்கள். பாம்பு சுவரை ஒட்டியேதான் நகரும். கதவுக்கும் அதற்கும் நடுவில் செருப்பு, வாளி, சாக்கு எதுவும் இல்லாமல் எடுத்துவிட்டால் போய்விடும்.

அடிப்பதில் என்ன தப்பு என்று கேட்டால், சட்டத்தைவிட்டுவிட்டு முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாம்பை அடிக்கக் குனிய வேண்டும். இருட்டில் முதல் அடி தரையில் விழும், இரண்டாவது அடிக்கு அது காலடியில் இருக்கும். ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது கடிக்கத் திரும்புவது அந்த நொடியில்தான். செத்ததென்று நினைத்துக் கையில் எடுப்பது அடுத்த தப்பு. தலை துண்டான பிறகும் தாடை அனிச்சையாக மூடும், அதிலும் விஷம் ஏறும்.

சட்டத்தையும் ஒரு வரியில்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாம் பேசிக்கொண்டிருக்கும் பாம்புகளில் பலவற்றைக் கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் குற்றம். உயிருக்கு ஆபத்து வந்து, நல்லெண்ணத்தோடு தற்காப்புக்காக அடித்திருந்தால் பிரிவு 11 விலக்கு தருகிறது. கொல்லையில் ஓடிக்கொண்டிருந்த சாரையைத் துரத்திப் போய் அடித்ததற்கு அந்த விலக்குப் பொருந்தாது.

---

நைட்_டியூட்டி:

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து சில விஷயம். மேலே சொன்ன அடையாளமெல்லாம் பாம்பை உயிரோடு விடுவதற்குத்தான். கடி பட்ட பிறகு அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

கட்டுவிரியன் கடித்தால் வலியே பெரிதாக இருக்காது. தூக்கத்தில் கடித்தால் கொசுக்கடி என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். கடிவாய் தேடினாலும் கிடைக்காமல் போகும், வீக்கமும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமை தொங்குவது, விழுங்க முடியாமை, பிறகு மூச்சு. விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால் தரையில் படுத்தாரா என்பதுதான் முதல் கேள்வி.

'வெள்ளிக்கோல் வரையன்தான் கடித்தது' என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் வாங்க. அது கடித்ததற்கு வைத்தியம் சோப்புத் தண்ணீர்க் கழுவலும் டி.டி. ஊசியும்தான். ஆனால் அடையாளம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்காக 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்போம். விஷம் ஏறியதற்கான அறிகுறி வராத வரை விஷமுறிவு மருந்து ஏற்ற மாட்டோம். 'மருந்து போடாமல் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்' என்று சண்டைக்கு வருபவர்கள் இதைப் படிக்கட்டும். அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். தேவையில்லாதவருக்கு ஏற்றினால் அதுவே வினை. தேவைப்பட்டால் முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்து ஏற்றுவதில்லை.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே கொடுப்பது ஒரே மருந்து. வைத்தியம் அறிகுறியை வைத்துத்தான் நடக்கிறது. கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடியா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் ரத்தத்தைக் கெடுக்கும் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ செய்தால் தப்பான முடிவு வரும். ஆகவே ஆஸ்பத்திரியில் அந்த 20 நிமிடம் காத்திருக்க வைப்பது அலட்சியம் இல்லை.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கை கால் எலும்பு முறிந்தால் எப்படி அசையாமல் கட்டுவோமோ அப்படிக் கட்டை வைத்துக் கட்டி, 108. இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடு போடுவது, உறிஞ்சுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். மந்திரித்து விஷம் இறங்கியது என்று சொல்லப்படும் கதைகளில் கடித்தது எது என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும். உங்கள் அணைக்கட்டு வட்டாரத்திலிருந்து வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராக வந்துவிடலாம், இடையில் நாட்டு வைத்தியரிடம் இறங்கினால் போவது நேரம்தான்.

---

கொத்துக்கரண்டி:

மூணாவது கேள்விக்கு நான். பாம்பு உங்களைத் தேடி வரல, பல்லி, எலி, தவளை, குளிர்ச்சி இந்த நாலுல ஒண்ணைத் தேடி வருது. கத்திரி வெயில்ல குளியலறை, தண்ணித்தொட்டி அடி. ஐப்பசி கார்த்திகை மழையில வளைக்குள்ள தண்ணி பூந்ததும் மேடான இடம், அதாவது உங்க திண்ணை.

கதவுக்குக் கீழ சுண்டுவிரல் நுழையற சந்து இருந்தா குட்டிப் பாம்புக்கு அது வாசல். அலுமினியப் பட்டையில ரப்பர் வெச்சது ஹார்டுவேர் கடையில கிடைக்கும். கதவின் உள்பக்கம், ரப்பர் நுனி தரையைத் தொட்டு லேசா வளையற மாதிரி ஸ்குரு போடுங்க. தொங்கவிட்டா பிரயோஜனம் இல்ல. வாசற்படி நடுவுல தேஞ்சு பள்ளமா இருக்கும், பழைய வீட்டுல எல்லாம் இப்படித்தான். முதல்ல அந்தப் பள்ளத்தைச் சிமெண்டு போட்டு மட்டம் பண்ணணும், அப்புறம்தான் ரப்பர். இதை விட்டுட்டு ரப்பரை மட்டும் மாட்டி 'வேஸ்ட்'னு சொல்றவங்க நிறைய.

குளியலறைத் தண்ணி வெளியே போற பைப்போட வெளிமுனையில 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள ஜி.ஐ. வலையை வெச்சு கிளாம்ப் போடுங்க. உள்பக்கம் மாட்டினா முடி அடைச்சுக்கும், ஒரே வாரத்துல நீங்களே புடுங்கிப் போடுவீங்க. ஓட்டு வீட்டுக்குச் சுவரும் கைமரமும் சேர்ற இடத்துல இருக்கிற சந்தைச் சுண்ணாம்பு கலந்த சாந்து வெச்சு அடைக்கலாம். முழுக்க சிமெண்டு போட்டா மரம் வெயில்ல அசையும்போது விரிசல் விட்டு மறுபடி சந்துதான். எல்லாச் சந்தையும் அடைக்க முடியாது, ஓட்டு வீட்டுல அது நடக்காத காரியம். அதனால விளக்கை மாத்துங்க. வாசல்ல வெள்ளை விளக்கு எரிஞ்சா பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குத்தான் உங்க படம் 1. விளக்கை வாசலுக்கு மேல வைக்காம 10 அடி தள்ளிக் கம்பத்துல வைங்க.

விறகு, வறட்டி, தென்னமட்டை எதையும் சுவரை ஒட்டி அடுக்காதீங்க. சுவர்ல இருந்து 3 அடி தள்ளி, கீழ நாலு செங்கல் வெச்சு ஒரு அடி உயரத்துல அடுக்கினா அடியில வெளிச்சம் போகும், எதுவும் தங்காது. எடுக்கும்போது கழியால ரெண்டு தட்டு தட்டிட்டு மேலிருந்து எடுங்க, நடுவுல கையை விட்டு உருவ வேண்டாம்.

பூண்டு, கந்தகம், பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் பாம்பை நிறுத்தாது. மண்ணெண்ணெயை அதுமேல ஊத்தினா எரிச்சல் தாங்காம கண்ட பக்கம் ஓடும், வெளிய போக வேண்டியது பீரோவுக்கு அடியில போயிடும்.

---

நைட்_டியூட்டி:

இதோடு கொசுவலையும். கட்டிலில் படுத்து, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் இரவுக் கட்டுவிரியன் கடிக்கு அதைவிட மலிவான தடுப்பு இல்லை. தொங்கவிட்ட வலை தரையில் புரண்டால் பயனில்லை. கட்டில் இல்லாத வீட்டில் பாய்க்கு அடியிலாவது செருகுங்கள்.

---

ஒடுகத்தூர்_மேற்கு:

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று: பரண்மேல் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. முழுதாக இருக்கிறது, நிறம் இல்லை. இதை வைத்து எதுவும் சொல்ல முடியுமா?

---

பாலாற்று_மணல்:

உயிருள்ள பாம்பைவிடச் சட்டை நல்ல சாட்சி. கிட்டே வைத்து எண்ணலாம். நல்ல வெளிச்சத்தில் கருப்புத் துணிமேல் விரியுங்கள். சட்டை உள்புறம் வெளிப்புறமாகக் கழன்றிருக்கும், நீளமும் பாம்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், அதனால் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நொறுங்கும் நிலையில் இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து 5 நிமிடம் விடுங்கள், நெகிழ்ந்துகொடுக்கும்.

முதுகின் நடுக்கோட்டில் ஓடும் ஒற்றை வரிசைச் செதிலைப் பாருங்கள். பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரிதாக, அறுகோணமாக, ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் கட்டுவிரியனாக இருக்கலாம். எல்லா வரிசையும் ஒரே அளவு என்றால் கட்டுவிரியன் இல்லை. வெறுங்கண்ணுக்கே தெரியும், சந்தேகம் வந்தால் கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி வையுங்கள்.

அடுத்து வாலின் அடிப்பக்கம். கழிவுத் துவாரத்துக்குப் பிறகு வால் நுனி வரை போகும் தகடுகள் முழு அகலத்துக்கு ஒற்றையாக இருக்கின்றனவா, நடுவில் பிளந்து இரண்டிரண்டாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டுவிரியனுக்கு ஒற்றை, வெள்ளிக்கோல் வரையனுக்கு இரட்டை. ஆனால் இதைத் தனியாக எடுத்து 'இரட்டை என்றால் விஷமில்லை' என்று விதி போட்டுவிடாதீர்கள். நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் இரட்டைதான். மண்ணுளிக்கு ஒற்றை. வரி போட்ட பாம்பா என்ற சந்தேகத்துக்கு மட்டும் இந்த இரண்டு குறிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

தலைப்பகுதி கிழியாமல் இருந்தால் அதன் மேல்புறம்: பெரிய பெரிய தகடுகளாக ஒழுங்காக இருந்தால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ இல்லை, ஆனால் கட்டுவிரியனுக்கும் இப்படித்தான் இருக்கும். பொடிப்பொடிச் செதிலாக இருந்தால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் அல்லது மண்ணுளி. அந்த மூன்றைப் பிரிக்க வயிற்றுத் தகடுகளைப் பாருங்கள், வயிற்றின் முழு அகலத்துக்கு இல்லாமல் குறுகலாக இருந்தால் மண்ணுளி.

பரண்மேல் கிடைத்தது என்பதால் என் கணிப்பு வெள்ளிக்கோல் வரையன் அல்லது கொம்பேறி மூக்கன். இரண்டாவதும் விஷமில்லாததுதான். கடித்தவனைச் சுடுகாட்டில் எரிப்பதை மரத்தின்மேல் ஏறிப் பார்க்குமாம், அந்தக் கதையாலேயே அடிபட்டுச் சாகிறது. நடுவரிசைச் செதிலையும் வாலின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், உறுதியாகச் சொல்கிறேன்.

---

குடியாத்தம்_தோப்பு:

தென்னங்கன்றைச் சுற்றி ஆடு வராம நைலான் வலை கட்டியிருக்கு. அதுல ஒரு நீளப் பாம்பு சிக்கிக்கினு இருக்கு, ஏறக்குறைய 6 அடி. படம் போட்டிருக்கேன். அறுத்து விட்டுடலாமா?

---

கழனிமேடு:

உதட்டுல கருப்புக் கோடு தெரியுது, சாரை. ஆனா நீங்களா அறுக்காதீங்க. சிக்கின பாம்பு விஷம் இல்லாட்டியும் வெறியா கடிக்கும், கத்திரிக்கோல் நழுவினா அதுக்குத் தோல் கிழியும். முன்னால போக முயற்சி பண்ணப் பண்ண வலை செதிலுக்கு அடியில ஏறி இறுகும், பின்னால இழுத்தா செதில் பிஞ்சிடும்.

இப்போ மணி 11, வெயில்தான் அதைக் கொல்லும், வலை இல்ல. முதல்ல ஒரு சாக்கையோ தென்னங்கீத்தையோ நீளக் கழியில தூக்கி அதுமேல நிழலா போடுங்க. தள்ளி நின்னு உடம்புமேல தண்ணி தெளிங்க, தலைமேல ஊத்த வேண்டாம். வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போட்டு 'வலையில சிக்கின சாரை'ன்னு சொல்லுங்க, அப்போதான் சின்னக் கத்திரிக்கோலோட வருவாங்க. அவுங்க தலையைத் துணியால மூடிக்கினு, வாலுப் பக்கம் இருந்து ஒவ்வொரு இழையா அறுப்பாங்க. வெளிய எடுத்த பிறகு உடம்புல இழை எதுவும் பதிஞ்சு நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் விடணும். ஒரு இழை மாட்டியிருந்தாலும் வளர வளர அறுத்துடும்.

அப்புறம் அந்த வலையை எடுத்துடுங்க. ஆட்டுக்குத்தான்னா 2 அங்குலக் கண்ணுக்கு மேல இருக்கிற கம்பி வலை, தரையில இருந்து நாலு விரல் தூக்கிக் கட்டினா போதும், சாரை அடியில பூந்து போயிடும். எலிக்குன்னா 6 மில்லிமீட்டர் ஜி.ஐ. வலை, ஒரு சாண் மண்ணுக்குள்ள புதைச்சு. கிழிஞ்ச நைலானைத் தோப்புலயே சுருட்டிப் போடாதீங்க, குப்பையில கெடந்தாலும் அது பாம்பைப் பிடிக்கும்.